சுத்தியல்காரன் நிற்கும் இடம்

படத்தில் நின்றிருந்த ஆளைக் காணவில்லை.

நேற்று சாயங்காலம் கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது இருந்தான். யாருமில்லாத ஒரு நடைமேடை, அதன் கோடியில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் இரும்புத் தூண், தூணை ஒட்டி அவன். கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டு, வலது கையில் நீளக் காம்பு வைத்த சின்னச் சுத்தியல், முகத்தை மூடிய தொப்பி நிழல். இன்று காலையில் அதே நடைமேடை இருந்தது, தூண் இருந்தது, தூணின் அடியில் தேங்கிய தண்ணீர்கூட இருந்தது. அவன் நின்ற இடத்தில் மட்டும் வெறும் சரளைக்கல். அவன் உடம்பு மறைத்திருந்த வேலிக்கம்பிகள் இப்போது அறுபடாமல் முழுசாகத் தெரிந்தன.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தப் படத்துல ஒருத்தர் நின்னாரே, அவரை அழிச்சிட்டீங்களா?"

பக்கத்து மேசையில் ஸ்கேன் எடுப்பவர் தலையைத் திருப்பாமலே கேட்டார். "யாரை மேடம்?"

"சக்கரம் தட்டுறவர். கையில சுத்தியலோட நின்னாரு."

"டீ குடிக்கப் போயிருப்பாரு. வந்துடுவாரு விடுங்க."

அவள் சிரித்துவைத்தாள். அந்த அறையில் பழைய காகிதமும் ஈரச் சுவரும் அந்துருண்டையும் கலந்த வாடை எப்போதும் இருக்கும். அதில் பத்து வருஷம் உட்கார்ந்தால் யாருக்கும் கண் ஏமாற்றத்தான் செய்யும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ரயில்வே அருங்காட்சியகத்தின் படப்பிரிவில் அவளுக்கு ஒரே வேலை. பெயரில்லாமல் வந்து சேரும் பழைய ரயில் படங்களுக்கு ஊர் கண்டுபிடிப்பது. தந்திக் கம்பம் தண்டவாளத்தின் எந்தப் பக்கம் போகிறது, கைகாட்டி எந்தக் கம்பெனி பாணி, நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது, பின்னால் தெரியும் மலை எங்கே குனிகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போவாள். ஒரு படம் கையில் சிக்கினால் சோறு தண்ணீர் மறந்துவிடும். கண்டுபிடித்த நொடியில் அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோகும்; அந்தச் சுகத்துக்காகத்தான் வேலையே பார்த்தாள் என்று சொல்லலாம். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'எந்த ஊர் மேடம்'.

ஏதோ ஒரு பழைய அலுவலகத்தின் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த மரப்பெட்டி அது. உள்ளே கண்ணாடித் தகடுகள். பிலிம் வருவதற்கு முந்தைய காலத்து நெகட்டிவ்கள். அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் பெரும்பாலானவற்றுக்கு இடம் கண்டுபிடித்துவிட்டார்கள். யாருக்கும் பிடிபடாமல் மூன்று மட்டும் மிச்சம். பெட்டி தன் கைக்கு வந்த அன்றைக்கே மூன்றையும் வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்திருந்தாள். ஒன்றில்தான் ஆள் இருந்தான். மற்ற இரண்டும் ஆளில்லாத காட்சிகள். அதுவும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அந்த ஒன்று எந்த ஊர் என்பது நேற்றுக் கணினியை அணைத்துவிட்டுப் பேருந்தில் போகும்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது.

மத்தியானம் செய்தித்தாளில் ஒரு மூலையில் கிடந்தது சேதி. அதே நிலையத்தின் சரக்குக் கொட்டகைக் காவலாளியை யாரோ அடித்துக் கொன்றிருந்தார்கள். பாவம் என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பாத்திரத்தை அந்தத் தாளின்மேலேயே வைத்துத் திறந்தாள்.

மறுநாள் ஸ்கேன் ஆகி வந்த இரண்டாவது படத்தில் ஆள் இருந்தான்.

மூடிய கடவுப்பாதை, தாழ்ந்து கிடக்கும் கேட்டுக்கட்டை, பக்கத்தில் ஒற்றை அறை. அறை வாசலில் அவன். அதே கோட்டு, அதே தொப்பி, வலது கையில் சுத்தியல். சுத்தியலின் முனையில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. தகட்டில் பூஞ்சை பிடித்திருக்கும் என்று நினைத்தாள். முதலில் பார்த்தபோது அவசரத்தில் ஆளைக் கவனிக்கவில்லை போலும் என்றும் நினைத்தாள். நினைத்தது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லைதான். ஆனால் அதற்குள் அவள் கண் கேட்டுக்கட்டையின் எடைக்கல்லில் போய் நின்றுவிட்டது. அந்த மாதிரி சதுரக் கல் ஒரே ஒரு கிளைப் பாதையில்தான் உண்டு. கல்லைப் பிடித்தாள், வளைவைப் பிடித்தாள், பழைய வரைபடத்தை விரித்தாள். முற்பகலிலேயே இடம் கிடைத்துவிட்டது. உடம்பு குளிர்ந்தது.

மூடிப்போன அந்தக் கிளைப் பாதையில்தான் அவள் தம்பிக்கு வேலை. கைவிட்ட தண்டவாளங்களை கேஸ் வைத்து அறுத்து லாரியில் ஏற்றும் ஒப்பந்தக்காரனிடம் வெட்டுபவன். அம்மா போனபோது அவனுக்குப் பால்பல் விழவில்லை. தூக்கி வளர்த்தவள் அவள்தான். கல்யாணம் வேண்டாம் என்று அவள் இருந்ததற்கு ஊரார் ஆயிரம் காரணம் சொன்னாலும் உண்மையான காரணம் அவன்தான். அவள் உலகத்தில் இருந்தது அவன் ஒருவன். வீட்டில் அவன் அவளை ரயில் ஜோசியக்காரி என்று கிண்டல் செய்வான்.

அன்று சாயங்காலம் அவன் கிண்டல் செய்யவில்லை. பின்பக்கக் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். கரி போன பிறகும் கழுவினான்.

"என்னடா, தோலை உரிச்சிடுவ போல?"

"அக்கா, இன்னைக்கு ஒண்ணு பார்த்தேன். சொன்னா நீ சாப்பிட மாட்ட."

"சொல்லு."

"பழைய கேட்டு ரூம் ஒண்ணு இருக்குல்ல, அங்க ஒரு கிழவர் தங்கியிருந்தாரு. ஆடு மேய்க்கிறவரு. எங்களுக்குத் தண்ணி குடுப்பாரு. மத்தியானம் தண்ணி வாங்கப் போனோம்." குழாயை மூடினான். "யாரோ அடிச்சிருக்காங்க அக்கா. சும்மா இல்ல. உச்சந்தலையில ஆரம்பிச்சு பாதம் வரைக்கும். சாண் சாணா விட்டு, வரிசையா. கையில, காலுல, நெஞ்செலும்புல, ஒரு எடம் விடல. எலும்பே இல்லாத மாதிரி கெடந்தாரு. தூக்கப் போனோம், தூக்க முடியல. சாக்கு மாதிரி மடங்கிடுச்சு."

"போலீஸ்?"

"வந்தாங்க. என்னத்தால அடிச்சான்னே தெரியலையாம். சின்னதா வட்ட வட்டமா இருக்கு, காசு அளவுக்கு."

அவள் சாப்பிடவில்லை. சக்கரம் தட்டுபவனின் வேலை என்னவென்று அவளுக்குத் தெரியும். வண்டி வந்து நின்றதும் அவன் முன்னாலிருந்து பின்னால் வரை நடந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பான். நல்ல சக்கரம் கணீரென்று பாடும். விரிசல் விட்டது மொத்தென்று செத்த சத்தம் கொடுக்கும். ஒரு சக்கரத்தையும் விடமாட்டான்.

விடிந்ததும் விடியாததுமாக அலுவலகத்துக்கு ஓடினாள். இரண்டாவது படத்தைத் திறந்தாள். கேட்டுக்கட்டை, ஒற்றை அறை, திறந்த கதவு. வாசலில் யாரும் இல்லை.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகட்டின் உறையில் ஊரை எழுதியது நேற்று சாயங்காலம். கிழவர் செத்தது மத்தியானம். அப்படியென்றால் எழுதுவது கணக்கில்லை. அவள் மனசுக்குள் 'இது இன்ன இடம்' என்று தெரிந்த நொடியே போதும். எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவரை கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடப்பவனுக்கு அவள்தான் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். இறங்கி, அங்கே இருப்பவரை முடித்துவிட்டு, அடுத்த தகட்டில் போய் நின்றுகொள்கிறான். அவளுக்காகக் காத்திருக்கிறான்.

சிரிக்கத்தான் தோன்றியது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பெட்டியில் கடைசித் தகடு, கறுப்புக் காகிதத்தில் சுற்றியபடி இருந்தது. அதை எடுக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டிருந்தபோது காப்பாளர் உள்ளே வந்தார். நல்ல மனிதர், எதற்கும் அவசரப்படுபவர்.

"மேடம், அந்தக் கடைசி ஒண்ணையும் முடிச்சிடுவோம். உங்களுக்குப் பிடிபடலேன்னா சொல்லுங்க, நாளைக்கு இணையத்துல போட்டுடலாம். உலகத்துல இருக்கிற ரயில் கிறுக்கனெல்லாம் பார்ப்பான். ஒரு மணி நேரத்துல ஊர் பேரைச் சொல்லிடுவான்."

"வேண்டாம் சார்."

"ஏன்?"

"நானே பார்த்துடுறேன். எனக்கு ரெண்டு நாள் குடுங்க."

"கௌரவப் பிரச்சினையாக்கும்!" என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் இரண்டு நாள் பொறுக்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். யாரோ ஒருத்தன், எங்கோ உட்கார்ந்துகொண்டு, காப்பி குடித்துக்கொண்டே, 'ஓ, இது அந்த இடமாச்சே' என்று சொல்லிவிடுவான். அங்கே யாராவது துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஸ்கேன் எடுப்பவர் சாயங்கால டீ குடிக்கப் போன சமயம் பார்த்துத் தகட்டை எடுத்தாள். பத்து வருஷத்தில் ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவள். பையில் வைக்கும் முன், வேறு தகட்டை எடுத்துவிடக்கூடாதே என்ற பயத்தில், காகிதத்தை விலக்கி ஜன்னல் பக்கம் ஒரு கணம் தூக்கிப் பிடித்தாள். ஒரே கணம். கண்ணை இடுக்கிக்கொண்டு.

நெகட்டிவ்வில் வானம் கறுப்பு, நிழல் வெளுப்பு. வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக அவன் நின்றான். அவனை அவள் நின்று கவனிக்கவில்லை, இடத்தையும் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவன் முன்னால் ஒரு பலகையை நீட்டிவிட்டுப் படிக்காதே என்றால் முடியுமா? மேடான பாதை. இடப்பக்கம் திரும்பும் வளைவு. வலப்பக்கம், சுவரில் காற்றுக்கு இரட்டை வட்ட ஓட்டை வைத்த சின்ன ஓட்டுவீடு, பாதை வேலையாட்களுக்கு ரயில்வே கட்டிக்கொடுக்கும் வகை. பின்னால் இடக்கோடியில் செங்குத்தாக இறங்கும் மலை.

சுரங்கப் பாதைக்கு முந்தின வளைவு. அதே கிளைப் பாதைதான்.

காகிதத்தைச் சுற்றினாள். கை சுற்றியதே தவிர அவள் அங்கே இல்லை. காலையில் அவள் கிளம்பும்போது தம்பி சொன்னது காதுக்குள் கேட்டது. இன்னைக்கு சுரங்கத்துக்கிட்ட வேலை அக்கா, சிக்னல் இருக்காது.

தம்பிக்குப் போன் போட்டாள். சிக்னல் இல்லை. மறுபடி அடித்தாள். இல்லை. படியிறங்கிக்கொண்டே அடித்தாள், தெருவைக் கடந்துகொண்டே அடித்தாள், ஹாரன் அடித்த லாரிக்காரன் திட்டியது காதில் விழாமல் அடித்தாள். பேருந்து நிறுத்தத்தில் மணி போனது.

"என்ன அக்கா?"

அந்தக் குரலைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. "டேய், எங்க இருக்க?"

"லாரிக்குப் பின்னாலயே பைக்ல மெயின் ரோட்டுக்கு வந்தேன், சிலிண்டர் மாத்த. ஏன், என்னாச்சு?"

"திரும்பி அங்க போகாத. நேரா வீட்டுக்கு வா."

"வேலை பாதில கெடக்கு அக்கா."

"கெடந்துட்டுப் போகுது. கூட இருக்கிறவங்களையும் கிளம்பச் சொல்லு. அம்மா மேல ஆணை, வீட்டுக்கு வாடா."

அவள் அம்மாவை இழுத்து ஒருநாளும் ஆணையிட்டதில்லை.

"சரி, வர்றேன். அழாத."

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். வெயில் சாய்ந்து, கடைகளின் தகரக் கூரைகள் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. முன் இருக்கைக் குழந்தை எச்சில் விரலால் கண்ணாடியில் கோடு போட்டது. டீசல் புகையும் வியர்வையும் யாரோ வாங்கிவந்த புது ரப்பர் செருப்பின் வாடையும் மூச்சை அடைத்தன. எஞ்சினின் உறுமலுக்கு அடியில், அதோடு சேராமல், மடிக்குள்ளிருந்து மெல்லிய ஒரு சத்தம் வந்தது. டிங். நகத்தால் கண்ணாடியைத் தட்டினால் வருமே, அது. சிறிது நேரம் விட்டு மறுபடி. டிங். பையின் கொக்கி கம்பியில் மோதுகிறது என்று கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டாள். டிங். பேருந்து நின்று, எஞ்சின் அணைந்து, ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டிருந்தபோதும் அது நிற்கவில்லை.

வீடு பூட்டிக் கிடந்தது. தம்பி இன்னும் வரவில்லை. ரயில்வே ஏலத்தில் விட்ட பழைய வீடு அது, அப்பா வாங்கி முன்னும் பின்னும் அறை சேர்த்துக் கட்டியது. சமையலறைக்குப் போய்ப் பையை மேடைமேல் வைத்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை நின்றவாக்கில் குடித்தாள். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவன் சுரங்கத்துப் பக்கம் இறங்கிவிட்டானா? இறங்கியிருந்தால் தகடு வெறுமையாக இருக்கும். ஆளற்ற பாதையில் யாரையும் காணாமல் அலைந்துகொண்டிருப்பான். அலையட்டும்.

காகிதத்தைப் பிரித்தாள். சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

இருந்தான்.

வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி. ஓட்டுவீட்டுச் சுவர் ஓரமாக நிதானமாக நின்றுகொண்டிருந்தான். எங்கும் போகவில்லை.

அப்படியானால் அவள் சொன்ன இடம் தப்பு. தப்பு! வாழ்க்கையில் முதல்முறையாகத் தப்பாகக் கண்டுபிடித்ததற்காக வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். இந்த வகை வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, எந்தப் பாதையில் போனாலும் இதே ஓடு, இதே இரட்டை ஓட்டை. ஏமாந்துவிட்டாள். சுரங்கத்து வளைவு இல்லை இது. தம்பியை வீணாகப் பாதி வேலையில் இழுத்துவிட்டோம், வந்ததும் ஒரு பாட்டம் பேச்சு விழும், விழட்டும். காகிதத்தை எடுத்தாள், சுற்றிவிட. அடுப்புக்குள் போட்டுவிட. கிணற்றில் எறிந்துவிட.

அப்போதுதான் அவன் கை கண்ணில் பட்டது.

சுத்தியல் இடது கையில் இருந்தது.

மற்ற இரண்டிலும் வலது கை. கோட்டின் பித்தான் வரிசையும் பக்கம் மாறியிருந்தது. கட்டைவிரலால் தகட்டைத் தடவினாள். அவள் பக்கம் இருந்த பரப்பு சொரசொரப்பாக இருந்தது. படம் பதிய மருந்து பூசிய பக்கம். பிடிக்கத் தெரியாதவன் பிடிக்கிற மாதிரி, முதல் வாரம் வேலைக்கு வந்தவன் பிடிக்கிற மாதிரி, பயத்தில் தகட்டை அவள் புறம் மாற்றிப் பிடித்திருந்தாள். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் எல்லாமே இடவலம் மாறித்தான் தெரியும். இதில் எழுத்து இல்லை, எண் இல்லை. இடவலம் மாறிய எழுத்து இருந்திருந்தால் உடனே உறைத்திருக்கும்.

யோசிக்காதே என்று சொல்லிக்கொண்டாள்.

தகட்டைத் திருப்பவில்லை. கையை அசைக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் படம் தானாகத் திரும்பியது. வளைவு வலப்பக்கம் போனது. ஓட்டுவீடு இடப்பக்கம் வந்தது. மலை திரும்பியது. செங்குத்தான முனை வலக்கோடிக்கு வந்தது, அதற்கு இந்தப் பக்கம் ஒரு குழிவு, அப்புறம் நீண்ட முதுகு.

வேண்டாம். வேண்டாம்.

படுத்த மாடு. அந்த மலைக்குத் தம்பி வைத்த பெயர் அது. சாப்பிட அடம்பிடிப்பான், இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு பின்பக்க மேட்டில் நின்று, பாரு, மாடு சாப்பிட்டுட்டுத் தூங்குது பாரு, நீயும் ஒரு வாய் வாங்கிக்கோ என்று ஊட்டுவாள். மாட்டின் தலை வலப்பக்கம். அவள் பிறப்பதற்கு முன்பே தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன மேடு, இன்றைக்கும் துணி காயப்போடும் மேடு. அப்பா சமையலறை கட்டியபோது அடைத்த இரட்டை ஓட்டை, இந்த வீட்டுச் சுவரில் இன்னும் இரண்டு வட்டத் தழும்பு.

கண்ணைத் திறந்தாள். உடம்பு குளிர்ந்துபோயிற்று.

தகட்டில் ஓட்டுவீடு இருந்தது. மலை இருந்தது. சுவர் ஓரத்தில் ஒருவரும் இல்லை.

பின்பக்கம் பைக் வந்து நின்றது.

"அக்கா!" தம்பியின் குரல். "என்ன தலை போற அவசரம்? சோறாவது ஆக்கினியா?"

குழாய் திறக்கும் சத்தம். தண்ணீர் விழும் சத்தம்.

"உள்ள வாடா!" கத்தினாள். "முன்னால ஓடு! ஓடுடா!"

"என்னது? தண்ணிச் சத்தத்துல கேக்கல."

டங்.

குழாயின் இரும்பில் ஒரு தட்டு. கணீரென்று பாடியது.

"யாருங்க நீங்க?" என்றான் தம்பி.

அடுத்த சத்தம் பாடவில்லை. ஈரக் கட்டையை உடைத்த மாதிரி மொத்தென்று வந்தது. அதற்குப் பின்னால் அவன் அலறினான். அவள் வளர்த்த காலம் முழுக்க, கை முறிந்தபோதுகூட, அவன் அப்படி அலறிக் கேட்டதில்லை. அவள் தகட்டைத் தரையில் ஓங்கி அடித்தாள். நொறுங்கியது. அலறல் நிற்கவில்லை. வெறும் கண்ணாடி. உள்ளே அடைக்க ஆளில்லை, இனி போய் நிற்க அவனுக்கு வேறு தகடும் இல்லை. அரிவாள்மனையைப் பலகையோடு தூக்கிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தாள். ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். டங் என்று ஒன்று, மொத்தென்று ஒன்று. வரிசையாக. அவசரமே இல்லாமல். கதவு திறந்தது.

தம்பி துணி காயும் மேட்டின் அடியில் கிடந்தான். முழங்கால் பின்பக்கமாக மடங்கியிருந்தது. கோட்டுக்காரன் அவன்மேல் குனிந்து நின்றான். தோளில் ஒரு அடி. நிறுத்தினான். தலையைச் சாய்த்துக் கேட்டான். சாண் விட்டு அடுத்தது. எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நிறுத்தினான். கேட்டான். விலாவில் அடித்தபோது தம்பியின் வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்து அவன் கூப்பிட வந்த 'அக்கா' என்ற சொல்லை மூழ்கடித்தது.

அவள் பாய்ந்தாள். அரிவாள்மனை அவன் முதுகில் இறங்கியதா என்று தெரியாது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் வீசினான். அவள் மணிக்கட்டு உடைந்தது. மறுவீச்சில் இடுப்பு. விழுந்தாள். சுவரில் சாய்ந்தவாறே சரிந்து உட்கார்ந்தாள். காலை இழுத்தாள், வரவில்லை. கத்தினாள், மூச்சுதான் வந்தது. அவன் பாதம் வரை முடித்தான். ஒரு இடமும் விடவில்லை.

அப்புறம் அவளிடம் வந்தான்.

முழங்கால் போட்டு உட்கார்ந்தான். கோட்டிலிருந்து நிலக்கரிப் புகையும் எண்ணெயும் புது ரத்தமும் வீசின. சுத்தியலின் முனையை அவள் நெற்றியில் வைத்து, வலிக்காமல், பூப்போல ஒரு தட்டுத் தட்டினான். தொப்பி குனிந்தது. தொப்பிக்கு அடியில் முகம் இருக்க வேண்டிய இடத்தை அவள் பார்க்கவில்லை; பெரிய, சுத்தமான, கவனமான காது ஒன்றுதான் அவள் வாயருகே வந்து நின்றது. கேட்டான். எந்தச் சத்தம் வந்தால் விடுவான், எந்தச் சத்தத்துக்கு அடிப்பான் என்று அவளுக்குத் தெரியாது. மூச்சை அடக்கினாள்.

அவன் தோளுக்கு அப்பால் தம்பி கிடந்தான். நசுங்கிய கை மண்ணில் நீட்டிக் கிடந்தது.

ஒரு விரல் அசைந்தது.

உயிர் இருக்கிறது. இன்னும் இருக்கிறது. அவள் சத்தம் போடவில்லை. ஒரு முனகல்கூட விடவில்லை. கண் மட்டும் போய் அந்த விரலில் நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் அதை அங்கிருந்து எடுக்க அவளால் முடியவில்லை.

காது விலகியது. தொப்பி நிமிர்ந்தது. கோட்டுக்காரன் அவள் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவள் எங்கே பார்க்கிறாள் என்று மெல்லத் திரும்பிப் பார்த்தான். சுத்தியலை வலது கையில் இறுக்கிக்கொண்டு எழுந்தான்.